944 வாங்குமுன்: மீட்டரை விடுங்கள், ரப்பரைப் பாருங்கள்

நெக்கர்வாசி, பிப்ரவரி 3, இரவு

ஜெர்மனியில் ஹைல்ப்ரான் பக்கம் ஒரு போர்ஷே 944 விலைக்கு வந்திருக்கிறது. 1987 மாடல், 2.5 லிட்டர், 8 வால்வு, டர்போ கிடையாது, கை கியர். மீட்டரில் 98,000 கி.மீ. கடைசி 9 வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட இதே விலைக்கு 2,20,000 ஓடிய இன்னொன்றும் இருக்கிறது. அதில் பெயின்ட் மங்கல், சீட் கிழிசல், ஆனால் வாராவாரம் ஓடுகிறது. பழைய வண்டியில் குறைவாக ஓடியதுதானே பாதுகாப்பு? முதல் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 4, காலை

முன்பணம் கொடுக்காதீர்கள், தம்பி. கணக்கு தலைகீழாக இருக்கிறது.

944-ஐக் கொல்வது ஓட்டம் இல்லை, வயது. அதிலும் ரப்பரின் வயது. அந்த இன்ஜினின் உலோகம் ஒழுங்காக ஆயில் மாற்றினால் அசராது. ஆனால் டைமிங் பெல்ட், ஆயில் சீல், கூலன்ட் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், இன்ஜின் மவுன்ட், கிளட்ச் தட்டின் நடுவில் இருக்கும் ரப்பர் எல்லாம் வண்டி நின்றாலும் கெடும். நின்றால் இன்னும் சீக்கிரம் கெடும். சீல்கள் காய்ந்து இறுகும், பெல்ட் ஒரே வளைவில் கிடந்து அந்த வடிவத்திலேயே விறைத்துப்போகும், டேங்கில் பெட்ரோல் பிசினாகும்.

9 வருடம் நின்ற வண்டி என்றால் இவை அத்தனையும் உங்கள் செலவு. வாராவாரம் ஓடும் வண்டி என்றால் அதில் பாதியை யாரோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள். 2,20,000 வண்டியின் பில் கட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயின்டைப் பிறகு பார்க்கலாம்.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 4, இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். பெல்ட் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். மற்ற கோளாறுகள் பணத்தைத் தின்னும், இது இன்ஜினையே தின்னும்.

944 இன்ஜின் போர்ஷே 928-இன் வி8-ஐப் பாதியாக்கியது மாதிரியான அமைப்பு. 4 சிலிண்டரில் 2.5 லிட்டர் என்றால் அதிர்வு அதிகம். அதை அடக்க மிட்சுபிஷியின் காப்புரிமையை உரிமம் வாங்கி இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய ஷாஃப்ட்) ஒரு சுற்று சுற்றினால் அவை இரண்டு சுற்று சுற்றும். ஆகவே முன்பக்கம் இரண்டு பல் பெல்ட்கள். ஒன்று வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு, வாட்டர் பம்பையும் அதுவே ஓட்டுகிறது. மற்றொன்று பேலன்ஸ் ஷாஃப்ட்களுக்கு. இரண்டு ஷாஃப்டும் எதிரெதிராகச் சுற்றவேண்டும் என்பதால் இதில் இரு பக்கமும் பல் இருக்கும்.

கேம் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், வால்வு வளையும், ஹெட்டைக் கழற்றவேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாத விஷயம், பேலன்ஸ் பெல்ட் அறுந்தாலும் அதே கதிதான். அறுந்த துண்டு பக்கத்தில் ஓடும் கேம் பெல்ட்டில் சிக்கி அதையும் பல் தாண்ட வைத்துவிடும். ஆகவே மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். கூடவே ரோலர்கள், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கிராங்க் முன் சீல், கேம் சீல், பேலன்ஸ் ஷாஃப்ட் சீல்கள், வாட்டர் பம்ப். சீலை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றினால் கசியும் ஆயில் புது பெல்ட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். பம்பின் பேரிங் இறுகினாலும் பெல்ட் போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பக்குவமாக வைத்திருப்பவர்கள் 3-4 வருடம் அல்லது 50,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது என்று வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே வையுங்கள்.

பார்க்கப் போகும்போது பிளாஸ்டிக் கவரைக் கொஞ்சம் விலக்கி, பெல்ட்டை இரண்டு விரலால் 90 பாகை திருப்பிப் பாருங்கள். திருப்ப முடிந்தால் இழுவிசை ஓரளவு சரி.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 5

நேற்று கடைசியில் எழுதிய அந்த விரல் சோதனையை வாபஸ் வாங்குகிறேன். பழக்கத்தில் எழுதிவிட்டேன். விரல் பலம் ஆளுக்கு ஆள் மாறும், இன்ஜின் சூடு மாறினால் பெல்ட்டின் விறைப்பும் மாறும். இறுக்கம் கூடினால் வாட்டர் பம்ப் பேரிங் சாகும், பேலன்ஸ் பெல்ட் ‘உய்ய்’ என்று ஊளையிடும். குறைந்தால் பல் தாண்டும். போர்ஷே இதற்கென்றே 9201 என்ற எண்ணில் அளவுகோல் வைத்திருந்தது, அதற்கு மாற்றாக வேறு கருவிகளும் கிடைக்கின்றன. அளந்துதான் பேசவேண்டும்.

விரல் ஒன்றைச் சொல்லும்: பெல்ட்டின் முதுகில் தடவிப் பாருங்கள். வழவழவென்று பளபளத்தால் பழசு. ஈரம் தட்டினால் ஆயில் சீல் கசிகிறது.

இன்னொரு திருத்தம். 1987 மாடலிலிருந்து ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வந்தது. அதை ‘ஆட்டோ டென்ஷனர்’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓடும்போது தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை அல்ல அது. நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும், பிறகு நட்டை இறுக்கியதும் அப்படியே நின்றுவிடும். பெல்ட் இளகினால் இளகியதுதான். புது பெல்ட் போட்டு 2,000 முதல் 3,000 கி.மீ. ஆனதும் மறுபடி அந்த வேலையைச் செய்யவேண்டும். பெல்ட் மாற்றிய பில் பலரிடம் இருக்கும், இந்த மறு இறுக்கத்தின் பில் சிலரிடம்தான் இருக்கும். அது இருந்தால் அந்த உரிமையாளர் விஷயம் தெரிந்தவர்.

நெக்கர்வாசி, பிப்ரவரி 8

98,000 வண்டியை நேரில் பார்த்தேன், அண்ணா. ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெல்ட் பில் 2011-இல் கடைசி. கூலன்ட் டப்பாவைத் திறந்தால் உள்ளே டீத்தூள் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது. ஆயில் குச்சியில் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

பழைய ஸ்பானர், பிப்ரவரி 8, இரவு

அவசரப்படாதீர்கள். கூலன்டில் ஆயில் இருக்கிறது, ஆயிலில் கூலன்ட் இல்லை. இந்த 2.5 லிட்டர் வண்டியில் அது பெரும்பாலும் ஆயில் கூலர் சீல்.

இதில் ஆயிலைக் குளிர்விக்க முன்பக்கம் தனி ரேடியேட்டர் கிடையாது. இன்ஜின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரு ஹவுசிங், அதற்குள் ஒரு சின்ன கூலர். ஒரு பக்கம் ஆயில், மறு பக்கம் கூலன்ட். இரண்டையும் பிரிப்பது சில ரப்பர் சீல்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் 4-5 பார் அழுத்தத்தில் இருக்கும், கூலன்ட் சுமார் 1 பார்தான். சீல் இறுகி விரிசல் விட்டால் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். அதனால்தான் கூலன்டில் கொழகொழ, குச்சியில் சுத்தம். (டர்போ வண்டிக்கு முன்னால் காற்றில் குளிரும் தனி ஆயில் கூலர் உண்டு, அதில் இந்த நோய் இல்லை.)

ஹெட் கேஸ்கட்டா என்று உறுதி செய்ய கம்ப்ரஷன் பார்க்க முடியாது, அதற்கு செல்ஃப் மோட்டாரால் இன்ஜினைச் சுழற்றவேண்டும். 2011 பெல்ட்டில் அது கூடாது. லீக் டவுன் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுழற்றி அந்த சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10-க்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டினால் காரணம் தேடவேண்டும். கூலன்ட் டப்பாவில் குமிழி வந்தால்தான் ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகம்.

கூலர் சீல் வேலை ஒரு நாள் வேலை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி வழி செய்யவேண்டும், அந்த போல்ட்கள் துருப்பிடித்து உடையும், முதல் நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். ஹவுசிங்கிற்குள் ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வு ஒன்று இருக்கிறது. ஆரம்ப வண்டிகளில் அது மூன்று துண்டு, திரும்பப் பூட்டும்போது ஹவுசிங்கை நேர்க்கோட்டில் நிறுத்த தனிக் கருவி வேண்டும். நேராக நிற்காவிட்டால் வால்வு சிக்கி ஆயில் பிரஷர் போய்விடும். பிறகு வந்தது ஒரே துண்டு, அதை வாங்கிப் போட்டால் அந்தத் தலைவலி குறையும்.

சீல் மாற்றியதோடு வேலை முடியாது. ரேடியேட்டர், ஹீட்டர் எல்லாவற்றிலும் அந்தக் கொழகொழ இருக்கும். பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போடும் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி ஊற்றி, தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை. பிறகு கூலன்ட் ஹோஸ் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறி இளகியிருக்கும். இளகியதெல்லாம் மாற்றவேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஹீட்டர் வால்வு ஒன்று இருக்கும். அது தொட்டால் உடையும், புதிது போட்டுவிடுங்கள்.

மூன்று லிட்டர், பிப்ரவரி 9

பேச்சு 8 வால்வு பற்றியே போகிறது. எஸ்2 தேடுபவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு விஷயம். 944 எஸ், எஸ்2, பிறகு வந்த 968 எல்லாம் 16 வால்வு. இவற்றில் பெல்ட் எக்ஸாஸ்ட் கேமை மட்டும்தான் ஓட்டும். அங்கிருந்து இன்டேக் கேமுக்கு ஒரு சின்ன செயின். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து உடையும். உடைந்தால் செயின் கேமின் பற்களைத் தின்னும். வால்வு கவரைத் திறந்து பட்டையில் பள்ளம், விரிசல், கறுத்த பழுப்பு நிறம் இருக்கிறதா, கேம் பல் கூராகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் எஸ்2 வாங்கவே கூடாது. பட்டை மலிவு. கேம் ஷாஃப்ட் விலை கையைக் கடிக்கும்.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 9

இவர் சொல்வது முழுக்க உண்மை. எஸ்2, டர்போ இரண்டிலும் 4 பிஸ்டன் பிரேக் காலிப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினியக் காலிப்பரில் பேட் சறுக்கும் இடத்தில் ஸ்டீல் தகடு ஒட்டியிருக்கும். அதற்கு அடியில் அலுமினியம் பொரிந்து தகட்டைத் தூக்கும், பேட் இறுகி நிற்கும். பேடைக் கையால் எடுக்க வராவிட்டால் இதுதான் காரணம். தகட்டைக் கழற்றி அடியில் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுத் தகடு, புது ஸ்க்ரூ.

நெக்கர்வாசி, பிப்ரவரி 14

2,20,000 வண்டியையும் பார்த்தேன். பில் கட்டு ஒரு கை உயரம். 2 வருடம் முன்பு பெல்ட். 5 வருடம் முன்பு கிளட்ச். ஓட்டிப் பார்த்தேன். சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் 2 பாருக்கு மேல், 4,000-த்தில் 4-க்கும் 5-க்கும் நடுவில். கியர் போட்டால் பின்னாலிருந்து மெல்லிய உறுமல் கேட்கிறது. ஐடிலில் ஸ்டியரிங் நடுங்குகிறது.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 14, இரவு

ஆயில் பிரஷர் அருமை. இந்த இன்ஜினில் 2-ஆம் எண் கனெக்டிங் ராடின் பேரிங்தான் முதலில் போகும். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். சாலையில் ஓட்டுபவருக்கு இது பெரும்பாலும் வராது, இரண்டு விஷயம் கடைப்பிடித்தால்: ஆயில் குச்சியில் மேல் கோட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான ஆயில் ஊற்றுங்கள். ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அது வேறு பேச்சு.

கிளட்ச் பில்லைப் படித்துப் பாருங்கள், தட்டு எந்த வகை என்று. பழைய தட்டின் நடுவில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். ரப்பர் பொடிந்தால் ஒருநாள் ‘டப்’ என்று சத்தம், இன்ஜின் உறுமும், வண்டி நகராது. இப்போது ஸ்பிரிங் வைத்த தட்டு கிடைக்கிறது. 944-இல் எடையைச் சமமாகப் பிரிக்க கியர் பாக்ஸைப் பின் சக்கரங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள், கிளட்ச் முன்னால் இன்ஜினோடு. இரண்டையும் இணைப்பது ஒரு நீண்ட குழாய், அதற்குள் ஷாஃப்ட். ஆகவே கிளட்ச் மாற்ற சைலன்சர், கியர் பாக்ஸ், அந்தக் குழாய் எல்லாம் பின்னுக்கு இழுக்கவேண்டும். நல்ல மெக்கானிக்குக்கே 12 மணி நேரத்துக்கு மேல். அந்த வேலை 5 வருடம் முன்பே நடந்திருந்தால், ரப்பர் இல்லாத தட்டு என்றால், உங்களுக்குப் பெரிய செலவு ஒன்று மிச்சம்.

உறுமல் அந்தக் குழாயின் பேரிங்காக இருக்கலாம், கியர் பாக்ஸ் ஆயில் குறைவாகவும் இருக்கலாம். முதலில் கியர் ஆயிலை வடித்து 75டபிள்யூ-90 ஊற்றுங்கள். வடித்ததில் மினுமினுப்பு இருக்கிறதா பாருங்கள். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள்.

நடுக்கம் இன்ஜின் மவுன்ட். உள்ளே திரவம் நிரம்பிய ரப்பர், எக்ஸாஸ்ட் பக்கம் உள்ளது சூட்டில் முதலில் அமுங்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டும் சேர்த்து.

நெக்கர்வாசி, பிப்ரவரி 15

கிளட்ச் பில்லில் ஸ்பிரிங் வகை என்றே எழுதியிருக்கிறது. பெல்ட் பில்லில் ‘ட்சான்ரீமன்’ (ஜெர்மனில் பல் பெல்ட்) ஒன்று, டென்ஷனர் ரோலர் ஒன்று, வாட்டர் பம்ப் ஒன்று. அவ்வளவுதான்.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 15

ட்சான்ரீமன் ஒன்றா? இரண்டு இருக்கவேண்டும். பேலன்ஸ் ஷாஃப்டுக்கு உரியது தனி வரியில் வரும், அதன் விலையும் தனி. பில்லில் ஒன்றுதான் என்றால் பழைய பேலன்ஸ் பெல்ட்டையே கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். விற்பவரிடம் கேளுங்கள். அவர் தெரியாது என்றால் விலையில் இரண்டு பெல்ட், சீல்கள் அத்தனைக்கும் உரிய தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள், நியாயமான பேரம்தான்.

98,000 வண்டியின் ட்யூவ் (வாகனப் பரிசோதனை) அறிக்கைகளையும் கேட்டீர்களா? 2 வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, ஒவ்வொன்றிலும் மீட்டர் எண் குறித்திருப்பார்கள்.

நெக்கர்வாசி, பிப்ரவரி 17

கேட்டு வாங்கினேன். நிறுத்துவதற்கு முந்தைய மூன்று அறிக்கைகளிலும் 98 ஆயிரத்துச் சொச்சம். மூன்றிலும் அதே எண்!

பழைய ஸ்பானர், பிப்ரவரி 17

ஓடோமீட்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம். வயதாகிப் பல் உதிரும். வேக முள் ஒழுங்காக ஆடும், எண் மட்டும் நின்றுவிடும். வண்டி ஓடும்போது டிரிப் மீட்டரை பூஜ்யத்துக்குத் தள்ளினால் இன்னும் சீக்கிரம் போகும். விற்பவர் ஏமாற்றினார் என்று சொல்லவேண்டாம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த 98,000-க்கு இனி ஒரு மதிப்பும் இல்லை. பல்சக்கரம் தனியாகக் கிடைக்கிறது. மீட்டரைக் கழற்றி மாற்றுவது ஒரு மாலை வேலை.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 18

இரண்டில் எதை வாங்கினாலும் தரையைப் பார்க்க மறக்காதீர்கள். 944-இன் பாடி துத்தநாகம் பூசியது, துருப்பிடிக்காது என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் கதவுக்குக் கீழே உள்ள பெட்டி மாதிரியான பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால், உள்ளிருந்து அரிக்கும். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர் இது. ஜாக்கி வைக்கும் இடத்தில் கட்டை விரலால் அழுத்துங்கள், நொறுங்கும் சத்தம் கேட்டால் வெல்டிங் வேலை. அடுத்தது பேட்டரித் தட்டு. பேட்டரி ஆசிட் சிந்தி தட்டு ஓட்டையானால் மழைநீர் நேராகக் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே உள்ள பஞ்சைப் பிழிந்து பாருங்கள். பின் கண்ணாடி டிக்கியில் சட்டத்திலிருந்து ஒட்டு விட்டிருக்கும், மூடும்போது கடகடவென்றால் அதுதான்.

முன் சக்கரத்துக் கீழ்க் கை அலுமினியம் என்றால் பால் ஜாயின்டைப் பாருங்கள். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் அது ஒரு கோணத்திலேயே உழைத்து உடையும், சக்கரம் படுத்துவிடும். இது ஒன்று மட்டும் உயிர் விஷயம்.

நெக்கர்வாசி, பிப்ரவரி 27

2,20,000 வண்டியை வாங்கிவிட்டேன். பேலன்ஸ் பெல்ட்டுக்காகக் கழித்துக்கொடுத்தார். இன்று காலை ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

பழைய ஸ்பானர், பிப்ரவரி 27

சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். கொஞ்சம் துள்ளினால் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. துள்ளவே இல்லை என்றால் பெரும்பாலும் இன்ஜின் பின்பக்கம் ஃபிளைவீல் மேல் இருக்கும் இரண்டு சென்சார்களில் ரெஃபரன்ஸ் சென்சார், அல்லது அதன் கனெக்டர். சூட்டில் கனெக்டர் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சென்சார் மாற்றினால் 0.8 மி.மீ. இடைவெளி வைக்கவேண்டும்.

முள் துள்ளினால் பெரும்பாலும் டி.எம்.இ. ரிலே. அதுதான் பெட்ரோல் பம்புக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கரன்ட் கொடுக்கிறது. உள்ளே ஈயப் பற்றுகள் விரிசல் விடும். காலையில் குளிரில் வராது, மதியம் வெயிலில் வரும், ஆளை ஏமாற்றும். ரிலேயைப் பிடுங்கி சாக்கெட்டில் 30, 87, 87பி மூன்றையும் வயரால் இணைத்தால் இன்ஜின் பிடிக்கும். சோதனைக்கு மட்டும்தான் அது, அப்படியே ஓட்டாதீர்கள், பம்ப் நிற்காமல் ஓடும், விபத்து நடந்தால் தீ.

நெக்கர்வாசி, பிப்ரவரி 27, மாலை

முள் துள்ளியது. வயர் போட்டதும் ஒரே திருப்பில் பிடித்தது. இரண்டு ரிலே வாங்கியிருக்கிறேன், ஒன்று டேஷ்போர்டு பெட்டியில்.

பழைய ஸ்பானர், மார்ச் 1

பேலன்ஸ் பெல்ட் வேலையை நீங்களே செய்வதாகத் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். பலருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். பேலன்ஸ் பெல்ட்டுக்காகக் கவரைத் திறந்ததும் கேம் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், 2 வருடம்தான் ஆயிற்று என்று பார்க்காதீர்கள்.

ரேடியேட்டர் ஃபேன்களைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். ஆல்டர்நேட்டர், பவர் ஸ்டியரிங் பெல்ட்களை எடுத்துவிடுங்கள். கிராங்கை 24 மி.மீ. சாக்கெட்டால் கடிகாரச் சுற்றில் மட்டும் சுழற்றி, ஃபிளைவீலில் ‘ஓ.டி.’ குறி கிளட்ச் ஹவுசிங் துளையில் தெரியும்படி நிறுத்துங்கள். கேம் சக்கரத்தின் குறியும் பின் கவரின் குறியும் நேராக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி அந்த இடத்தில் ஃபிளைவீல் பூட்டு. கிராங்க் போல்ட் 210 நியூட்டன் மீட்டர், பூட்டு இல்லாமல் அசையாது. கியரில் போட்டு பிரேக் மிதித்துக் கழற்றப் பார்க்காதீர்கள், நடுவில் அந்த நீண்ட ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், குறி நகரும்.

கழற்றும்போது முதலில் பேலன்ஸ் பெல்ட், பிறகு கேம் பெல்ட். பேலன்ஸ் ஷாஃப்ட் சக்கரம் இரண்டும் ஒரே உருப்படி, ஒவ்வொன்றிலும் ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு சாவிப் பள்ளம் இருக்கும். ஜெர்மனில் ஓபன் என்றால் மேல், உன்டன் என்றால் கீழ். மேல் ஷாஃப்டில் ‘ஓ’, கீழ் ஷாஃப்டில் ‘யு’. சீல் மாற்றக் கழற்றியவர்கள் இதை மாற்றிப் போட்டுவிட்டு, பிறகு அதிர்வுக்கு மவுன்ட் மேல் மவுன்டாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வண்டியின் நடுக்கத்துக்கும் இது காரணமாக இருக்கலாம். மவுன்ட் வாங்கும்முன் இதைப் பாருங்கள். பிப்ரவரி 14-இல் மவுன்ட் என்று அடித்துச் சொன்னேன், இந்த வாய்ப்பை அன்றே சொல்லியிருக்கவேண்டும்.

எல்லாம் பூட்டியபின் கையால் இரண்டு முழுச் சுற்று. குறிகள் திரும்ப நேராக வந்தால்தான் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யவேண்டும். எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள், அது வால்வு.

நெக்கர்வாசி, மார்ச் 9

கீழ் ஷாஃப்டில் ‘ஓ’ பள்ளத்தில் பூட்டியிருந்தது, அண்ணா! மாற்றிப் போட்டேன். ஐடிலில் ஸ்டியரிங் அசையவில்லை. மவுன்ட் அதே பழசுதான்.

பழைய ஸ்பானர், மார்ச் 9

மிகவும் சந்தோஷம், தம்பி. மவுன்டை அடுத்த வருடம் பார்க்கலாம். எச் எண் பலகைக்கு (பழம்பெரும் வண்டிகளுக்குக் கொடுப்பது) இப்போதே விண்ணப்பிக்கலாம், 30 வயது தாண்டிவிட்டது. நிபுணர் பார்த்து நல்ல நிலை, அசல் நிலை என்று எழுதிக்கொடுக்கவேண்டும். வரி வருடத்துக்கு 191.73 யூரோ. சீட் கிழிசலைத் தைத்துவிட்டுப் போங்கள்.

வடக்கு வாசல், மார்ச் 12

முழு இழையும் படித்தேன். அந்தக் கொட்டகை வண்டி இன்னும் விற்கவில்லை, விலையும் இறங்கியிருக்கிறது. எனக்கு இடமும் நேரமும் இருக்கிறது. எடுத்து மெல்லச் சரிசெய்யலாமா?

பழைய ஸ்பானர், மார்ச் 12, இரவு

எடுக்கலாம். பெயின்டும் பாடியும் நன்றாக இருந்தால் நல்ல அடித்தளம்தான். லீக் டவுன் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஓடிய கணக்கைத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செலவில் இரண்டு பெல்ட், எல்லா சீலும், வாட்டர் பம்ப், ஆயில் கூலர் சீல், கூலன்ட் ஹோஸ், ஃபியூவல் ரெயிலுக்குப் போகும் பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், டயர் எல்லாம் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். டயர் பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள், 2214 என்றால் 2014-ஆம் வருடம் 22-ஆம் வாரம். கிளட்ச் தட்டு ரப்பராகத்தான் இருக்கும், அதற்கும் தொகை ஒதுக்குங்கள்.

டேங்கை முழுக்க வடிக்கவேண்டும். பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு 24 மி.மீ. சாக்கெட்டால் கையால், மெதுவாக, கடிகாரச் சுற்றில். அதுவும் லீக் டவுனுக்கும் பெல்ட் வேலைக்குக் குறி நிறுத்தவும் தேவையான அளவு மட்டும்.

வண்டியை எடுக்க டிரெய்லரோடு போங்கள். ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார், நெக்கர்வாசி மாதிரியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.